பாதியில் கை தூக்கிய டாக்டர்

தம்புசாமி யாரையும் நம்பியதில்லை. அதற்காகவே அவருக்கு மாதச் சம்பளமும் கொடுத்தார்கள். மலாக்காவின் பத்து பெரண்டாமில் வானொலிப் பெட்டிக்கு உதிரிப் பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் அவர் ஒன்பது வருடமாக ஜாகா, அதாவது காவல்காரர். வேலை முடிந்து வெளியே வரும் பெண்களின் கைப்பையையும் மேனேஜருடைய காரின் பின்பெட்டியையும் ஒரே மரியாதையோடு திறந்து பார்ப்பார். சொந்த மகள் பவானேஸ்வரியும் அதே தொழிற்சாலையில்தான் வேலை செய்தாள். அவளுடைய சாப்பாட்டு டப்பாவையும் ஒருநாள் திறக்கச் சொல்லி, மிச்சமிருந்த கத்தரிக்காய்ப் பொரியலைக் கரண்டிக் காம்பால் புரட்டிப் பார்த்தார். காலையில் அந்தக் கத்தரிக்காயை டப்பாவில் போட்டு மூடியவரும் அவர்தான்.

"நீ உள்ள போனப்புறம் என்னா நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுல்ல" என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான் 1996-ஆம் வருடம் ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மனைவியின் வயிற்றைக் கிழிப்பதற்குக் கையெழுத்துக் கேட்டார்கள்.

மனைவி பெரியநாயகிக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி இருந்தது. காற்றுப் பிடிப்பு என்று சொல்லி ஒரு வருடத்தை ஓமத் தண்ணீரில் ஓட்டினார்கள். ஜூன் கடைசியில் கண் மஞ்சளாகி, காய்ச்சல் கண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாள். படம் எடுத்துப் பார்த்ததில் பித்தப்பை நிறையக் கல். ஒரு கல் குழாய்க்குள் இறங்கி அடைத்துவிட்டு, பிறகு என்ன நினைத்ததோ, தானாக வழிவிட்டிருந்தது. அடுத்த கல்லும் அவ்வளவு தயவு காட்டும் என்று யாரும் சொல்லத் தயாராக இல்லை. இன்னொரு முறை அடைத்தால் ஆளுக்கே ஆபத்து, ஒரு வாரத்துக்குள் பையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

பெரியநாயகிக்கு ஆட்சேபம் இல்லை. வலி போனால் போதும், யார் வெட்டினால் என்ன என்பது அவள் கட்சி. ஆனால் முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் புருஷன் போடாத கையெழுத்தை அவள் எங்கேயும் போட்டதில்லை. அவர் போட்டால் தானும் போடுவதாகச் சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தம்புசாமி ஒப்புதல் பாரத்தை முழுக்கப் படித்தார். பின்பக்கம் காலியாக இருந்தது. அதையும் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆப்பரேஷனைச் செய்யப்போவது யார் என்று கேட்டார். டாக்டர் குகன், உங்கள் ஜாசின் பக்கத்து ஆள்தான் என்று பாரம் கொண்டுவந்த நர்ஸ் மிஸ்ஸி சிரித்தபடி சொன்னாள். அப்பா பெயர் என்ன என்று கேட்டார். முனியாண்டி என்றாள். தம்புசாமி பேனாவை மூடி சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

குகனை அவருக்குத் தெரியும். தெரியும் என்பதுதான் சிக்கல்.

ஜாசினை அடுத்த பெம்பானுக்கு உள்ளே ஐந்தாங்கட்டைத் தோட்டம் என்று ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. தம்புசாமி அங்கே ஸ்டோரில் ரப்பர்ப் பால் நிறுப்பவராக இருந்தார். எந்த வாளிப் பாலில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்பதைக் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். முனியாண்டி அங்கே பால்மரம் சீவுபவர். அவருடைய மகன் குகன் பதினேழு வயதில் குத்துச்சண்டைக்காரன் ஆனான். வீரத்தால் அல்ல, எடையால். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியருக்கு நாற்பத்தெட்டு கிலோவுக்குக் கீழே ஒரு பையன் தேவைப்பட்டான். ஐந்தாம் படிவம் முழுவதையும் தராசில் ஏற்றிப் பார்த்ததில் அந்தத் தகுதி இவன் ஒருவனுக்கே இருந்தது. முதல் ஆட்டத்தில் எதிராளி அரைக் கிலோ கூடிப்போனதால் தள்ளுபடியானான். இரண்டாவது ஆட்டத்து எதிராளிக்கு அம்மை போட்டிருந்தது. இப்படி ஒரு ஈயைக்கூட அடிக்காமல் குகன் மாநில இறுதியாட்டத்துக்கு வந்து சேர்ந்தான். தோட்டம் இதை வெற்றி என்றே எடுத்துக்கொண்டது.

லாரி பிடித்தவர் தம்புசாமி. நாற்பது பேர் ஏறினார்கள். காலையில் மாரியம்மன் கோயிலில் பையன் பெயருக்கு அர்ச்சனை செய்து, சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். அதைச் சிந்தாமல் கொண்டுபோகிற பொறுப்பை வேறு யாரையும் நம்பி விடாமல், தூக்குச்சட்டியை மலாக்கா டவுன் வரைக்கும் தம்புசாமியே மடியில் வைத்துக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பியதும் பாராட்டு விழா. மாலை வாங்கியாயிற்று, ஆடும் அறுத்தாயிற்று.

முதல் சுற்றில் குகன் நன்றாகவே ஆடினான். ஒல்லியாக இருந்ததால் எதிராளிக்கு எங்கே குத்துவது என்று தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் ஒரு நிமிடம் போயிருக்கும், வயிற்றில் ஒரு குத்து விழுந்தது. பிரமாதமான குத்து ஒன்றும் இல்லை. பையன் விழவில்லை, தள்ளாடக்கூட இல்லை. நடுவர் பக்கம் திரும்பி, வலது கையைத் தூக்கி, போதும் என்று காட்டினான். கயிற்றுக்கு அடியில் குனிந்து இறங்கி, வந்திருந்த நாற்பது பேரில் ஒருவரையும் பார்க்காமல் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

லாரி திரும்பி வந்தது. ஆடு வெந்துவிட்டதால் பாராட்டு விழா நடந்தது. மாலையைத் தோட்டத்துக் குமாஸ்தா கிராணிக்குப் போட்டார்கள்.

அதன் பிறகு குகன் படித்தான், கோலாலம்பூரில் டாக்டருக்குப் படித்தான், தோட்டத்திலிருந்து வந்த முதல் டாக்டர் ஆனான். ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே பெருமைப்பட்டுக்கொண்டார்கள். முதுகுக்குப் பின்னால் அவன் 'பாதியில விட்டவன்' என்றே இருந்தான். தோட்டம் விற்கப்பட்டது, தொழிலாளர் லயங்கள் இடிக்கப்பட்டன, சனங்கள் ஆளுக்கொரு தாமான் குடியிருப்புக்குப் போனார்கள்; இவ்வளவுக்கும் பிறகு அழியாமல் நின்றது அந்தப் பெயர் ஒன்றுதான். அதைப் பத்திரமாகக் காப்பாற்றி வந்தவர்களில் தம்புசாமி முக்கியமானவர்.

ஒரு குத்துக்குக் கை தூக்கியவன், பெரியநாயகியின் வயிற்றைத் திறந்துவிட்டுப் பாதியில் கை தூக்கமாட்டான் என்பது என்ன நிச்சயம்?

டாக்டரை நேரில் பார்த்த பிறகும் சந்தேகம் தெளியவில்லை. முப்பத்தேழு வயது, நாற்பத்தெட்டு கிலோ என்று இப்போது எந்தத் தராசும் சொல்லாது. தம்புசாமியை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெரியநாயகியிடம் வலி எப்போது வருகிறது என்று கேட்டார். பதில் சொன்னாள். வேறு எதையோ பேசிவிட்டு அதையே இன்னொரு விதமாகக் கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார். ஃபைலில் எழுதியிருந்த இரத்த வகையைப் பார்த்துவிட்டு, மறுபடியும் இரத்தம் எடுக்கச் சொன்னார். தன் ஆஸ்பத்திரியின் ஃபைலையே நம்பாதவரை எப்படி நம்புவது என்று தம்புசாமிக்குப் பட்டது. தொழில்முறையில் பார்த்தால் அது சரியான பழக்கம் என்றும் பட்டது. இரண்டையும் மனதில் குறித்துக்கொண்டார்.

"டாக்டர், கையக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

கூட வந்திருந்த பவானேஸ்வரி, "ப்பா" என்று பல்லைக் கடித்தாள்.

டாக்டர் இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டினார். முதலில் புறங்கை, பிறகு உள்ளங்கை.

"நல்லா அமுக்கியே பாருங்கண்ணே. பாக்சிங்ல கையில துணி சுத்துறப்ப எதிராளியோட ஆள் பக்கத்துல வந்து நிப்பான். உள்ள எதையாச்சும் மறைச்சிருக்கோமான்னு அமுக்கிப் பாத்து, அவன் தலையாட்டினாத்தான் கிளவுஸ் போட விடுவாங்க. எனக்குக் கோவம்லாம் வராது."

ஆக, அடையாளம் தெரிந்திருக்கிறது. தம்புசாமி விரல் விரலாக அமுக்கிப் பார்த்தார். நடுக்கம் இல்லை. வலது மோதிர விரலின் கணு மட்டும் பள்ளமாக இருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, சைக்கிளில் விழுந்தது என்றார் டாக்டர். குத்துச்சண்டைக்காரன் சைக்கிளில் விழுந்து கையை உடைத்துக்கொள்வதா? உண்மையாக இருந்தாலும் இதை ஏற்றுக்கொள்ள முடியாது. வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

"நான் காத்திருக்கேண்ணே. கல்லு காத்திருக்குமான்னு அதுகிட்டத்தான் கேக்கணும்" என்றார் டாக்டர்.

வியாழக்கிழமை தம்புசாமிக்கு ஓய்வு நாள். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெம்பானுக்குப் போனார். குகனின் அக்கா திலகவதி அங்கே சாமான் கடை வைத்திருந்தாள். தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவரைப் போல உள்ளே நுழைந்து, அரை கிலோ வெங்காயம் கேட்டார். பத்து பெரண்டாமிலிருந்து பெம்பானுக்கு வெங்காயம் வாங்க யாரும் வருவதில்லை என்பது திலகவதிக்குத் தெரிந்தாலும், தம்பியைப் பற்றிப் பேசக் கிடைத்த ஆளை அவள் விடுவதாக இல்லை.

கேட்காமலே எல்லாம் வந்தது. சாக்கில் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை அடைத்து லயத்துக்குப் பின்னால் மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதில்தான் தம்பி குத்திப் பழகினான். அந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டார் கிராணியிடம் புகார் செய்து, சாக்கு போயிற்று. அதன் பிறகு காற்றில் குத்தினான். படிக்கும்போது பழைய வேட்டித் துணியைக் கையில் சுற்றிக்கொண்டே படிப்பான். பக்கம் புரட்ட முடியாமல் மூக்கால் புரட்டுவான். கோழி அறுத்தால் கோயில் பக்கம் போய் நின்றுகொள்வான், அவ்வளவு பயம். முதல் தடவை பிணத்தை அறுக்கச் சொன்னபோது மயங்கி விழுந்ததாக அவனே கடிதம் எழுதினான். இரண்டாவது தடவை விழவில்லை. டாக்டர் ஆன பிறகு கிளந்தானில் நாலு வருடம், சபாவில் ரெண்டு வருடம். வீட்டுக்கு வந்தால் இன்றைக்கும் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று அவனே போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுப்பான். அக்கா அணைத்துவிட்டேன் என்றாலும் கேட்கமாட்டான்.

இறுதியாட்டத்தைப் பற்றி தம்புசாமி சுற்றி வளைத்துக் கேட்டார்.

"அன்னிக்கு அவனுக்கு இடது கண்ணுல பட்டுருச்சுண்ணே. கண்ணே தெரியலையாம். அதான் கையத் தூக்கிட்டான். பாவம், சனங்க என்னென்னமோ பேசுச்சுங்க."

குத்து வயிற்றில் விழுந்ததை முதல் வரிசையில் உட்கார்ந்து இரண்டு கண்ணாலும் பார்த்தவர் தம்புசாமி. எனவே ஒன்று, அக்கா பொய் சொல்கிறாள்; அல்லது தம்பி அக்காவிடம் பொய் சொல்லியிருக்கிறான்; அல்லது உண்மையிலேயே கண்ணிலும் பட்டிருக்கிறது. மூன்றில் எது சரியென்றாலும் ஆறுதல் இல்லை. கைக்கு மட்டும் இருந்த சந்தேகம் இப்போது இடது கண்ணுக்கும் ஏறிவிட்டது. வெங்காயத்தோடு அதையும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் ஒரு மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். தம்புசாமி சத்தமில்லாமல் அவருக்கு இடது பக்கமாகப் போய், நாலடி தள்ளி நின்று, மூன்று விரலை உயர்த்தினார்.

டாக்டர் தலையைத் திருப்பவில்லை. "மூணு" என்றார். எழுதி முடித்துப் புள்ளி வைத்துவிட்டு, "அக்கா போன் பண்ணுச்சு. அரை கிலோ வெங்காயம்னு சொல்லுச்சு" என்றார்.

தம்புசாமி கையெழுத்துப் போட்டார். நம்பிக்கையால் போடவில்லை. அன்று விடியலில் பெரியநாயகிக்கு வலி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நிமிர முடியாமல் நின்றாள், அதனால் போட்டார். அவள் பக்கத்திலேயே தன் பெயரை எழுதினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

ஆனால் கையெழுத்துப் போட்டதோடு சும்மா இருந்துவிட்டால் அவர் தம்புசாமி இல்லை. டாக்டரை நம்ப முடியாதபோது, டாக்டருக்கு மேலே ஒரு இடத்தில் சொல்லி வைக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கோயில் நடை திறக்கும்போதே போய் நின்றார். பெரியநாயகி பெயருக்கு அர்ச்சனை. அம்மனிடம் விஷயத்தை விவரமாகச் சொன்னார். டாக்டரின் பெயர், தகப்பன் பெயர், பழைய குற்றம் எல்லாவற்றையும். குருக்கள் நெய் ஒழுக ஒழுகச் சர்க்கரைப் பொங்கலை இலையில் வைத்துக் கொடுத்தார். அதை மடித்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பார்வையாளர் நேரம் இல்லை. வாசலில் இருந்த ஜாகாவோ தம்புசாமியின் அதே காவல் கம்பெனி ஆள். தொழில் மரியாதைக்காகச் சலாம் வைத்து, சட்டைப் பையில் என்ன என்று கேட்காமல் உள்ளே விட்டான். இந்த மாதிரி ஆளைத் தன் வாசலில் ஒருநாளும் வேலைக்கு வைக்கமாட்டேன் என்று நினைத்தபடியே தம்புசாமி உள்ளே போனார்.

பெரியநாயகியின் கட்டில் தலைமாட்டில் 'புவாசா', பட்டினி என்று மலாயில் எழுதிய அட்டை தொங்கியது. முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று மிஸ்ஸி சொல்லியிருந்தாள். பெரியநாயகிக்கு இதில் கஷ்டமே இல்லை. நாற்பது வருடமாக வெள்ளிக்கிழமை விரதம், ஆடி விரதம், கந்தசஷ்டி என்று பட்டினி கிடந்து பழகியவள். பிரசாதம் தொட்டு எந்த விரதமும் முறிந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. சாப்பாடு என்றால் சாப்பாடு, பிரசாதம் என்றால் பிரசாதம். இதில் குழப்பம் இருப்பதாக இருவருக்கும் தோன்றவில்லை. அவர் இலையைப் பிரித்தார். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு பருக்கை கீழே விழாமல், கை நிறைய வாங்கிச் சாப்பிட்டாள். நெய்க் கையைச் சேலையில் துடைக்கலாகாது என்று தலைமுடியில் தடவிக்கொண்டாள்.

எட்டரை மணிக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தம்புசாமி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். ரெண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஒன்பது மணிக்கே கதவு திறந்தது. டாக்டர் குகன் பச்சைத் தொப்பியோடு வெளியே வந்தார்.

"இன்னிக்கு இல்லண்ணே. நிறுத்திட்டேன்."

தம்புசாமிக்கு முதலில் வந்தது பயமோ கோபமோ இல்லை. இருபது வருடத்துத் தீர்ப்பு சரியாகிப்போன ஒரு திருப்தி. அது தனக்கே அசிங்கமாகப் பட்டதும்தான் கோபம் வந்தது.

"பாதியில விட்டாச்சா?"

அந்த வார்த்தை டாக்டருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து முகத்துக்கு நேராக வந்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"பாதிக்கே போகல. பெரியநாயகி அக்காவுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்காங்க. பொங்கல் எந்தக் கோயில்துண்ணே?"



நடந்ததை டாக்டர் சொன்னார். மாக்கான், சாப்பாடு ஆயிற்றா என்று வார்டு மிஸ்ஸி கேட்டபோது இல்லை என்றிருக்கிறாள் பெரியநாயகி. மயக்க மருந்து டாக்டர் கேட்டபோதும் இல்லை. பசியாறினீர்களா அக்கா என்று தானே கேட்டதற்கும் இல்லை. மூன்று பதிலும் சுத்த சத்தியம். அவள் பொய் சொல்கிற ஆள் இல்லை. கையில் ஊசி ஏற்றியாயிற்று. மயக்க மருந்தும் தயார். அப்போது அவள் கும்பிடுவதற்குக் கையைத் தூக்கியிருக்கிறாள். அந்தக் கையில் நெய், ஏலக்காய், பச்சைக் கற்பூர வாசனை. கோயிலிலிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டிருக்கிறார். "ஓ, வந்துச்சே, அவருதான் கொண்டாந்தாரு" என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். டாக்டர் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தியிருக்கிறார்.

"மயக்கம் குடுத்தா வயித்துல இருக்கிறது மேல வரும்ண்ணே. மேல வந்து நுரையீரலுக்குள்ள எறங்கிடும். அதுக்கப்புறம் நான் கல்ல எடுத்தா என்னா, எடுக்காட்டி என்னா?"

தம்புசாமி தன் சட்டைப் பையைப் பார்த்தார். பையில் வட்டமாக ஒரு நெய்க் கறை. வாசலில் நின்று ஒன்பது வருடமாக அவர் தேடிய பொருளை இன்றைக்கு அவரே உள்ளே கடத்தி வந்திருக்கிறார்.

"பிரசாதத்த எவன் கேப்பான்?" என்றார் மெதுவாக. "உனக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?" நீங்கள் என்பது அவருக்கு நழுவிவிட்டது.

"அன்னிக்கு லாரியில தூக்குச்சட்டி யாரு மடியில வந்துச்சு?"

இருபது வருடத்துக்கு முந்தின ஒரு காலையை டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். எடை கூடாமல் இருப்பதற்காக இரண்டு நாள் பட்டினி. தராசில் ஏறி இறங்கியதும் தம்புசாமி அண்ணன் தூக்குச்சட்டியோடு வந்து நின்றார். அம்மன் பிரசாதம், முழுக்கச் சாப்பிடு தம்பி, உனக்காக வைத்தது என்று தலையைத் தடவினார். பசியில் பையன் சட்டியை வழித்துச் சாப்பிட்டான். இரண்டாவது சுற்றில் வயிற்றில் குத்து விழுந்ததும் அத்தனையும் தொண்டைக்கு வந்துவிட்டது.

"நாப்பது பேரு முன்னாடி அம்மன் பிரசாதத்தக் கக்குறதா, கையத் தூக்குறதா? நீங்களே சொல்லுங்க."

அந்த வாய் பொத்தல் தம்புசாமிக்கு ஞாபகம் வந்தது. அவமானத்தில் பொத்திக்கொண்டான் என்றுதான் இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறார்.

"உங்க அக்கா கண்ணுன்னாங்க."

"அக்காகிட்ட அப்படித்தான் சொன்னேன். பொங்கல்னு சொன்னா உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னுருக்கும்."

தம்புசாமி யோசித்தார். கதை பொருந்தத்தான் செய்கிறது. அளவுக்கு மீறிப் பொருந்துகிறது. சொந்த அக்காவிடம் இருபது வருடம் ஒரு பொய்யைக் கலையாமல் வைத்திருக்கத் தெரிந்தவர், இன்றைக்குத் தன்னிடம் மட்டும் உண்மை சொல்கிறார் என்பதற்குச் சாட்சி கிடையாது. ஆனால் நெய்க் கறைக்குச் சாட்சி வேண்டியதில்லை. அதை மறைக்கக் கையால் பொத்திக்கொண்டு, அடுத்தது எப்போது என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றார் டாக்டர்.

இடையில் இருந்த நாட்களில் அவர் லீவு போட்டுவிட்டு வார்டிலேயே காவல் இருந்தார். புதன்கிழமை பெரியநாயகிக்கு மறுபடி வலி வந்தது. சுருண்டு படுத்தவளின் கண்ணில் மஞ்சள் ஏறுகிறதா என்று மணிக்கொரு தரம் இமையை இழுத்துப் பார்த்தார். ஏறவில்லை. வியாழக்கிழமை தங்கா பத்திலிருந்து பெரியநாயகியின் தங்கை கருப்பாயி வந்தாள். அவளுடைய கூடையைக் கொட்டிச் சோதித்ததில் முருகன் கோயில் பஞ்சாமிர்தம் ஒரு டப்பா அகப்பட்டது. தம்புசாமி அதைப் பறிமுதல் செய்து, போகும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

"சாமி குத்தமாயிடும் மாமா" என்றாள் கருப்பாயி.

"ஆவட்டும். சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

பவானேஸ்வரி வந்தபோது அவளுடைய பையையும் திறந்தார். இந்தத் தடவை அவள் பல்லைக் கடிக்கவில்லை. தானாகவே டப்பாவைத் திறந்து காட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு டாக்டர் குகன் கட்டில் அருகே வந்தார். தம்புசாமி எழுந்து நின்று, வாசலில் மேனேஜரிடம் சொல்வதைப் போல அறிக்கை சொன்னார். ராத்திரியிலிருந்து ஒன்றும் உள்ளே போகவில்லை, சாப்பாடும் இல்லை, பிரசாதமும் இல்லை, திருநீறுகூட நெற்றியில் மட்டும்தான், தானே கூட இருந்து பார்த்தது.

டாக்டர் கேட்டுக்கொண்டார். பிறகு பெரியநாயகியின் வலது கையை எடுத்து மோந்து பார்த்தார். இடது கையையும் மோந்தார். நகக் கண்களைப் பார்த்தார். பக்கத்து அலமாரியைத் திறந்து, டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார். அடுத்த கட்டிலில் இருந்த மலாய்க்கார அம்மாவிடம் போய், இந்த அக்கா காலையில் ஏதாவது வாயில் போட்டாரா என்று விசாரித்தார். அந்த அம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். கடைசியாகத் தம்புசாமியிடம் திரும்பினார்.

"பாக்கெட்டக் காட்டுங்கண்ணே."

பவானேஸ்வரி வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தம்புசாமி சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு பேனா, அடையாளக் கார்டு, சலவையில் போகாத நெய்க் கறை. டாக்டர் குனிந்து அந்தக் கறையையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பழையதுதான் என்று திருப்தியான பிறகே நிமிர்ந்தார்.

இந்த மனிதர் தன்னைத் துளிகூட நம்பவில்லை என்பது தம்புசாமிக்குத் தெளிவாகப் புரிந்தது. தன் வாசலிலேயே வேலைக்கு வைக்கக்கூடிய ஆள் என்று பட்டது. புதுப் பாரத்தை முன்பக்கமும் பின்பக்கமும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்தார். ஒன்பது மணிக்குக் கதவு திறக்கவில்லை. பத்து மணிக்கும் திறக்கவில்லை. பத்தே முக்காலுக்கு டாக்டர் வெளியே வந்தார். முகத்தில் மூக்குக்கு மேலே முகமூடியின் தடம் இருந்தது. பெரியநாயகி நல்லபடியாக இருப்பதாகவும், மயக்கம் தெளிய ஒரு மணி நேரம் ஆகும் என்றும், பை முழுசாக வந்துவிட்டது, குழாயில் அடைப்பு இல்லை என்றும் சொன்னார். கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. பச்சையும் பழுப்புமாகக் கடலைப் பருப்பு அளவில் கற்கள்.

"பதினேழு. எண்ணிக்குங்கண்ணே."

தம்புசாமி கைக்குட்டையை பெஞ்சில் விரித்து, குப்பியைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினார். பதினேழு இருந்தது. எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாகச் சேர்த்து, இன்னொரு தடவை எண்ண ஆரம்பித்தார்.

அடுத்த ஆப்பரேஷனுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். தம்புசாமி எண்ணி முடித்துத் தலையாட்டும் வரை டாக்டர் போகாமல் நின்றார்.